அச்சில் வார்த்த அலுவலகங்கள்

அரசு அலுவலகங்களைப் பற்றி நம் புனைகதைகளில் ஏராளமாக எழுதப்பட்டிருக்கிறது. கோப்புகள், குமாஸ்தாக்கள், மேலதிகாரியின் அறை வாசலில் காத்திருக்கும் மனிதர்கள் என அந்த உலகம் இலக்கிய வாசகனுக்கு நன்கு பழக்கமானது. ஆனால் அந்தக் குமாஸ்தாக்கள் அமர்ந்திருக்கும் கட்டடத்தைப் பற்றி எழுதியவர்கள் குறைவு. அவர்களுக்குக் காற்று எந்த வழியாக வருகிறது, தலைக்கு மேல் இருக்கும் தளம் எதனால் ஆனது, சன்னல் ஏன் அந்த அளவில் இருக்கிறது, இவற்றையெல்லாம் யார், எப்போது முடிவு செய்தார்கள் என்ற கேள்விகள் நமக்குப் பெரும்பாலும் எழுவதில்லை.

கட்டடக்கலை வரலாற்று நூல்களும் இந்த விஷயத்தில் மேலானவை அல்ல. கோயில்களும் மாளிகைகளும் அருங்காட்சியகங்களும் முன்வரிசையில் அமர்ந்துகொள்ள, அலுவலகம் கடைசி அத்தியாயத்தில்தான் இடம்பெறுகிறது. 20ஆம் நூற்றாண்டின் நகரவாசிகளில் ஏராளமானோர் தங்கள் விழித்திருக்கும் நேரத்தில் கணிசமான பகுதியை அலுவலகங்களில்தான் கழித்தார்கள் என்பதை நினைத்துப் பார்த்தால், இந்தப் பாராமுகம் வியப்பளிக்கிறது.

இக்கட்டுரை மூன்று அலுவலகங்களின் கதையைச் சொல்ல முயல்கிறது. ஒன்று அமெரிக்கத் தலைநகர் வாஷிங்டனில் 1968ல் திறக்கப்பட்டது. அடுத்தது இங்கிலாந்தின் நாட்டிங்ஹாம் நகரில் 1990களின் முற்பாதியில் எழுந்தது. மூன்றாவது ஆஸ்திரேலியாவின் மெல்பர்ன் நகரில் 2006ல் திறக்கப்பட்டது. முதலிரண்டும் மத்திய அரசுத் துறைகளுக்காகவும், மூன்றாவது மாநகராட்சிக்காகவும் கட்டப்பட்டவை. மூன்றையும் இணைப்பது ஒரு பொருள்: முன்வார்ப்புக் கான்கிரீட். கட்டடத் தொழிலில் இருப்பவர்கள் இதைப் ப்ரீகாஸ்ட் என்பார்கள்.

*

வழக்கமான கான்கிரீட் வேலையை நாம் அனைவரும் தெருவில் நின்று வேடிக்கை பார்த்திருக்கிறோம். சாரம் கட்டி, சென்ட்ரிங் பலகை அடித்து, கம்பி கட்டி, கலவையைக் கொட்டி, பின் நாட்கணக்கில் தண்ணீர் விட்டுக் காத்திருக்க வேண்டும். முன்வார்ப்பில் இவை அனைத்தும் வேறோர் இடத்தில் நடக்கின்றன. தொழிற்சாலையில் ஓர் அச்சு செய்யப்படுகிறது. அதற்குள் கம்பிக்கூட்டை வைத்துக் கலவையை ஊற்றி இறுகவிட்டு, இறுகிய துண்டை வெளியே எடுத்துவிட்டு, அதே அச்சில் அடுத்த துண்டை வார்க்கிறார்கள். துண்டுகள் லாரியில் வந்து சேர, கிரேன் அவற்றைத் தூக்கி உரிய இடத்தில் பொருத்துகிறது.

கேட்பதற்கு எளிமையாக இருக்கும் இந்த மாற்றத்துக்குள் ஒரு பெரிய விளைவு ஒளிந்திருக்கிறது. அச்சு செய்வது செலவு மிக்க வேலை. அந்தச் செலவு கட்டுப்படியாக வேண்டுமானால் ஒரே அச்சிலிருந்து நூற்றுக்கணக்கான துண்டுகள் வர வேண்டும். ஆகவே அச்சில் நேர்ந்த பிழையும் நூற்றுக்கணக்கில் பிறக்கும். மின்கம்பி செல்ல ஒரு துளை வேண்டும் என்பது பிறகு நினைவுக்கு வந்தால், கொத்தனாரைக் கூப்பிட்டு உளியால் உடைத்துக்கொள்ளும் வசதி இங்கே இல்லை. கட்டடக் கலைஞர், பொறியாளர், விளக்கு பொருத்துபவர், காற்றோட்டத்தைக் கணக்கிடுபவர் எல்லோரும் முதல் அச்சு செய்யப்படும் முன்பே ஒரே மேசையில் உட்கார்ந்து பேசி முடித்திருக்க வேண்டும். முன்வார்ப்பு, யோசனை முழுவதையும் வேலையின் தொடக்கத்துக்கே இழுத்துவந்துவிடுகிறது.

இந்தத் தொழில்நுட்பம் ஏழைகளின் வீட்டிலிருந்து தொடங்கியது என்பது குறிப்பிடத்தக்கது. லிவர்பூல் நகரப் பொறியாளராக இருந்த ஜான் அலெக்சாண்டர் பிராடி, 1905ல் அந்நகரின் எல்டன் தெருவில் தொழிலாளர் குடியிருப்பு ஒன்றை முன்வார்த்த கான்கிரீட் பலகைகளால் எழுப்பினார். கால்பந்து கோல் கம்பத்துக்குப் பின்னால் வலை கட்டும் யோசனையும் இதே மனிதருடையதுதான். அந்தக் குடியிருப்பு 1960களில் இடிக்கப்பட்டது. ஆனால் அதன் வழிமுறை இரண்டாம் உலகப் போருக்குப் பின் ஐரோப்பா முழுவதும் பரவியது. குண்டுவீச்சில் வீடிழந்தவர்கள் லட்சக்கணக்கில் இருந்தார்கள், கைத்தொழில் தெரிந்த கொத்தனார்களோ குறைவு. மாஸ்கோவிலிருந்து லண்டன் வரை ஒரே மாதிரியான பலகை அடுக்குமாடிகள் முளைத்தன.

அந்த வேகத்துக்கான விலை 1968 மே 16 அதிகாலையில் தெரியவந்தது. கிழக்கு லண்டனில் ரோனன் பாயின்ட் என்ற 22 மாடிக் குடியிருப்பின் 18ஆம் மாடியில் ஓர் எரிவாயுக் கசிவு வெடித்தது. வெடிப்பு பெரியதல்ல. அது வெளிச்சுவர்ப் பலகையைத் தள்ளிவிட, மேலிருந்த தளங்கள் தாங்கலின்றிச் சரிய, அவற்றின் பாரத்தால் கீழிருந்தவையும் ஒன்றன்பின் ஒன்றாக விழுந்தன. கட்டடத்தின் ஒரு மூலை முழுவதுமாக நொறுங்கியது. நால்வர் இறந்தார்கள். மக்கள் அங்கே குடியேறிச் சுமார் இரண்டு மாதங்களே ஆகியிருந்தன. 1986ல் அதைப் பிரித்தபோது, பலகைகளுக்கு இடையே சாந்து நிரம்பியிருக்க வேண்டிய இணைப்புகளில் செய்தித்தாள்கள் திணிக்கப்பட்டிருந்ததைக் கண்டார்கள். துண்டுகள் தொழிற்சாலையில் எவ்வளவு கவனமாக வார்க்கப்பட்டாலும், அவற்றை இணைக்கும் இடத்தில் நிற்பது ஒரு மனிதனின் கைதான் என்ற பாடத்தைப் பொறியாளர்கள் அன்று கற்றார்கள். பிரிட்டனின் கட்டட விதிகள் மாற்றி எழுதப்பட்டன.

*

அதே 1968ன் செப்டம்பரில் வாஷிங்டனில் வேறொரு முன்வார்ப்புக் கட்டடம் கொண்டாட்டத்துடன் திறக்கப்பட்டது. வீட்டுவசதி மற்றும் நகர்ப்புற மேம்பாட்டுத் துறையின் தலைமையகம் அது. 1965ல்தான் உருவான துறை. அதன் முதல் செயலாளரான ராபர்ட் வீவர் அமெரிக்க அமைச்சரவையில் இடம்பெற்ற முதல் கறுப்பினத்தவர். அவர் பெயரே பின்னாளில், 2000ல், இந்தக் கட்டடத்துக்குச் சூட்டப்பட்டது.

அரசுக் கட்டடம் என்றாலே கிரேக்கத் தூண்களும் சலவைக்கல் படிகளும் என்றிருந்த நகரம் அது. 1962ல் கென்னடி அரசு வெளியிட்ட நெறிமுறைகள், அரசுக்கென்று ஓர் அதிகாரபூர்வப் பாணி வேண்டியதில்லை, காலத்தின் சிறந்த கட்டடக்கலையை அரசு நாட வேண்டும் என்றன. அவற்றை எழுதியவர் பின்னாளில் செனட்டரான டேனியல் பாட்ரிக் மொய்னிஹன். அந்தக் கதவு திறந்ததால் உள்ளே வந்தவர்களில் ஒருவர் மார்செல் பிராயர். ஹங்கேரியில் பிறந்து, ஜெர்மனியின் பௌஹவுஸ் பள்ளியில் பயின்று கற்பித்து, நாஜிகளின் எழுச்சிக்குப் பின் இங்கிலாந்து வழியாக அமெரிக்கா சென்றவர். வளைத்த எஃகுக் குழாயில் நாற்காலி செய்து புகழ்பெற்றவர்.

பிராயரின் கட்டடத்தை வானிலிருந்து பார்த்தால் நான்கு வளைந்த கைகளை விரித்த எக்ஸ் எழுத்துப் போலிருக்கும். பத்து மாடிகள். இவ்வளவு பெரிய அலுவலகத்தை ஒரே சதுரப் பெட்டியாகக் கட்டினால் நடுவில் இருப்பவர்களுக்குப் பகலிலும் விளக்கு வேண்டும். கைகளாக நீட்டியதால் மிகப் பல அறைகளுக்குச் சன்னல் கிடைத்தது. வெளிச்சுவர் முழுவதும் ஒரே வகையான முன்வார்ப்புத் துண்டுகளின் அடுக்கு. ஒவ்வொரு துண்டும் பாரத்தைத் தாங்கும் தூணாகவும், சன்னலின் சட்டமாகவும், வெயிலை மறைக்கும் ஆழமான விளிம்பாகவும், குளிர்சாதனக் குழாய்களை மறைத்து வைக்கும் மாடமாகவும் ஒரே நேரத்தில் வேலை செய்கிறது. கட்டமைப்புக்கும் வெளித்தோற்றத்துக்கும் முன்வார்ப்புக் கான்கிரீட்டையே முதன்மையாகப் பயன்படுத்திய முதல் அமெரிக்க மத்திய அரசுக் கட்டடம் இதுவே.

ஒரு துண்டுக்கு நான்கு வேலை என்ற இந்தச் சிக்கனம் பின்னால் வரப்போகும் கதைக்கு மிக முக்கியமானது. ஆனால் உள்ளே அமர்ந்தவர்களுக்கு அது புலப்படவில்லை. தாழ்ந்த கூரையும் நீண்ட வளைந்த தாழ்வாரங்களும் அவர்களைச் சோர்வடையச் செய்தன. 1989 முதல் அத்துறையின் செயலாளராக இருந்த ஜாக் கெம்ப், தரைக்கு மேல் கட்டிய பத்து மாடி நிலவறை என்ற பொருள்பட அதைக் கேலி செய்தார். எண்ணெய் மலிவாகக் கிடைத்த காலத்தின் கட்டடம் அது. குளிர்ச்சியையும் வெப்பத்தையும் இயந்திரம் பார்த்துக்கொள்ளும் என்ற நம்பிக்கையில் எழுந்தது. தன் மேனியாக இருந்த பல்லாயிரம் டன் கான்கிரீட்டுக்கும் அறையின் தட்பவெப்பத்துக்கும் ஓர் உறவு இருக்கக்கூடும் என்று அது யோசிக்கவில்லை.

*

1973ன் எண்ணெய் நெருக்கடி அந்த நம்பிக்கையை அசைத்தது. ஆனால் அலுவலகங்கள் உடனே மாறிவிடவில்லை. 1980களின் வழக்கமான அலுவலகம், திறக்க முடியாத கண்ணாடிகளால் மூடப்பட்டு, கான்கிரீட் தளத்துக்குக் கீழே பொய்க்கூரை தொங்கவிடப்பட்டு, அந்த இடைவெளியில் குளிர்காற்றுக் குழாய்கள் ஓடுகிற ஒன்றாகவே இருந்தது.

அந்தப் பொய்க்கூரை மறைத்தது எதை என்று சற்று நிதானித்துப் பார்க்கலாம். ஒரு கனமீட்டர் காற்றின் வெப்பநிலையை ஒரு பாகை உயர்த்தச் சுமார் 1.2 கிலோஜூல் போதும். அதே அளவு கான்கிரீட்டுக்கு ஏறத்தாழ 2,000 கிலோஜூல் வேண்டும். அதாவது கான்கிரீட் வெப்பத்தை வாங்கி வைத்துக்கொள்ளும் ஒரு பெரிய கிடங்கு. பகலில் மனிதர்களும் கணினிகளும் விளக்குகளும் வெளியிடும் வெப்பத்தை அது சத்தமின்றி உறிஞ்சிக்கொள்ளும். இரவில் குளிர்ந்த காற்றை உள்ளே விட்டால் வாங்கியதைத் திருப்பிக் கொடுத்துவிட்டு மறுநாளுக்குத் தயாராகும். தடித்த சுவர் வீடுகளில் வாழ்ந்தவர்களுக்கு இது புதிய செய்தி அல்ல. ஆனால் இந்தக் கொடுக்கல் வாங்கல் நடக்கக் கான்கிரீட்டின் முகம் அறைக்குள் தெரிய வேண்டும். பொய்க்கூரை அந்தக் கிடங்கின் கதவைச் சாத்திவிட்டது.

அந்தக் கதவைத் திறந்தவர்களில் முக்கியமானவர்கள் மைக்கேல் ஹாப்கின்ஸும் அவர் மனைவி பாட்டி ஹாப்கின்ஸும். அவர்களுக்கு வாய்ப்பளித்தது வரி வசூலிக்கும் துறை என்பதில் ஒரு சுவை இருக்கிறது.

பிரிட்டனின் உள்நாட்டு வருவாய்த் துறை, தன் ஊழியர்களில் ஒரு பகுதியினரை லண்டனிலிருந்து நாட்டிங்ஹாமுக்கு இடமாற்ற முடிவு செய்தது. தேர்ந்தெடுத்த நிலம், நகரின் கோட்டைப் பாறைக்குக் கீழே, கால்வாயை ஒட்டிய பழைய ரயில்வே நிலம். முதலில் முன்வைக்கப்பட்ட திட்டம் கோட்டையின் காட்சியைக் கெடுக்கும் என்று நகரத்தார் எதிர்த்தார்கள். அது கைவிடப்பட்டு, கட்டடக்கலைப் போட்டி நடத்தப்பட்டது. 1992ல் ஹாப்கின்ஸ் நிறுவனம் அதில் வென்றது. பொறியியல் ஓவ் அரூப் நிறுவனத்தினுடையது. 1995க்குள் ஊழியர்கள் குடியேறிவிட்டார்கள். ஏறத்தாழ 40,000 சதுர மீட்டர் பரப்புள்ள ஒரு வளாகத்துக்கு இது மிகக் குறுகிய காலம். அந்த வேகம் முன்வார்ப்பால் வந்தது.

ஹாப்கின்ஸ் ஒரு பெரிய கோபுரத்தைக் கட்டவில்லை. மூன்று, நான்கு மாடி உயரத்தில் ஆறு அலுவலகக் கட்டடங்கள், அவற்றுக்கிடையே தெருக்களும் மரங்களும், நடுவில் கூடாரம் போன்ற துணிக்கூரையுடன் விளையாட்டுக்கும் உணவுக்குமான பொதுக்கட்டடம் என ஒரு சிற்றூரையே அமைத்தார். அலுவலகங்களின் அகலம் சுமார் பதின்மூன்றரை மீட்டருக்குள் அடக்கப்பட்டது. இந்த அகலத்தில் ஒருபக்கச் சன்னலில் நுழையும் காற்று மறுபக்கத்தை எட்டும். எந்த மேசையும் சன்னலிலிருந்து வெகுதொலைவில் இருக்காது.

சுவர்கள் செங்கல்லால் ஆனவை. நாட்டிங்ஹாமின் பழைய கிடங்குகளின் நிறம். இங்கே ஹாப்கின்ஸ் செய்த காரியம் சுவையானது. செங்கல் தூண்களைக் களத்தில் கட்டாமல், தொழிற்சாலைக்குள் கொத்தனார்களை அமர்த்தி, மழைக்கும் குளிருக்கும் தப்பிக் கட்டி முடித்து, முழுத் தூணாகவே கிரேனில் தூக்கி நிறுத்தினார்கள். மிகப் பழைய கைத்தொழில் ஒன்று முன்வார்ப்பின் ஒழுங்குக்குள் கொண்டுவரப்பட்டது. அந்தத் தூண்களின் மேல் முன்வார்ப்புக் கான்கிரீட் தளங்கள் அமர்ந்தன.

அந்தத் தளங்களின் அடிப்பகுதிதான் இக்கட்டுரையின் மையம் எனலாம். அவை தட்டையானவை அல்ல. மெல்லிய அலைபோல வளைந்தவை. பொய்க்கூரை கிடையாது. மேலே நிமிர்ந்து பார்த்தால் வார்த்த கான்கிரீட்டே தெரியும். வளைவு தளத்துக்கு வலிமை தருகிறது, வெப்பத்தை வாங்கும் பரப்பைக் கூட்டுகிறது, சன்னலில் நுழையும் ஒளியை அறைக்குள் ஆழமாகச் சிதறவிடுகிறது. இவ்வளவு செம்மையான பரப்பைக் களத்தில் பலகை அடித்து வார்ப்பது கடினம். அச்சில் அது கைகூடியது. வாஷிங்டனில் ஒரு துண்டு செய்த நான்கு வேலைகளோடு இங்கே ஐந்தாவது ஒன்று சேர்ந்தது: துண்டு இப்போது அறையைக் குளிர்விக்கவும் செய்தது.

காற்றோட்டத்துக்குக் கட்டடங்களின் மூலைகளில் உருளை வடிவப் படிக்கட்டுக் கோபுரங்கள் எழுப்பப்பட்டன. கண்ணாடிக் கட்டிகளால் ஆன அந்தக் கோபுரங்களை வெயில் சூடாக்கும். உள்ளிருக்கும் காற்று சூடேறி மேலெழும். அது காலி செய்த இடத்தை நிரப்ப, தளங்களில் தேங்கிய காற்று கோபுரத்துக்குள் இழுக்கப்படும். அதன் இடத்துக்குச் சன்னல்கள் வழியாகவும் தரையடி விசிறிகள் வழியாகவும் புதிய காற்று வரும். கோபுரத்தின் உச்சியில் உள்ள கூரை தேவைக்கேற்ப மேலெழுந்தும் தாழ்ந்தும் இந்த ஓட்டத்தைக் கட்டுப்படுத்தும். பெரிய குளிர்சாதன இயந்திரங்கள் இன்றி ஓர் அரசுத் துறையின் பெரும் அலுவலகம் இயங்கத் தொடங்கியது. கட்டடங்களின் சூழல் பொருத்தத்தை மதிப்பிடும் பிரிட்டனின் ப்ரீயாம் முறையில் அன்றைய உயர்ந்த தரத்தைப் பெற்றது.

இதே யோசனைகளை ஹாப்கின்ஸ் லண்டனுக்கும் எடுத்துச் சென்றார். நாடாளுமன்ற உறுப்பினர்களின் அலுவலகங்களுக்காக 2001ல் திறக்கப்பட்ட போர்ட்கல்லிஸ் ஹவுஸில் வெள்ளை முன்வார்ப்புக் கான்கிரீட் வளைவுத் தளங்களும், நிலத்தடி நீரைக் கொண்டு காற்றைக் குளிர்விக்கும் ஏற்பாடும், காற்றை வெளியேற்றும் புகைபோக்கிகளும் இடம்பெற்றன.

*

மூன்றாவது கட்டடத்துக்குச் செல்லும் வழி ஆப்பிரிக்காவின் ஹராரே நகரின் ஊடாகப் போகிறது. ஜிம்பாப்வேயைச் சேர்ந்த கட்டடக் கலைஞர் மிக் பியர்ஸ், 1996ல் அங்கே ஈஸ்ட்கேட் என்ற வணிக வளாகத்தைக் கட்டினார். இரவின் குளிர்காற்றைத் தரைக்கு அடியிலுள்ள முன்வார்ப்புக் கான்கிரீட் துண்டுகளின் இடுக்குகளில் செலுத்தி, அந்தக் குளிர்ச்சியைப் பகலில் செலவழிக்கும் கட்டடம் அது. கரையான் புற்றிலிருந்து பெற்ற யோசனை என்பார் பியர்ஸ். புற்றின் அடியில் குளிர்ந்த காற்று நுழைந்து உச்சியில் வெப்பக் காற்று வெளியேறுகிறது என்பது அன்றைய நம்பிக்கை. புற்றுகளை நுணுகி ஆராய்ந்த ஸ்காட் டர்னர், ரூபர்ட் சோர் இருவரும் 2008ல் புற்று அப்படி வேலை செய்வதில்லை என்று எழுதினார்கள். உவமை தவறிவிட்டது, கட்டடம் தவறவில்லை. இலக்கியத்தில் பழகியவர்களுக்கு இது ஒன்றும் அதிசயமாகத் தோன்றாது.

பியர்ஸ் பின்னர் மெல்பர்ன் மாநகராட்சிக்காக வடிவமைத்த பத்து மாடி அலுவலகம், கவுன்சில் ஹவுஸ் 2, 2006ல் திறக்கப்பட்டது. அங்கே மாநகராட்சியினரும் கட்டடக் கலைஞர்களும் பொறியாளர்களும் ஆய்வாளர்களும் வடிவமைப்பின் தொடக்கத்திலேயே ஒன்றாக உட்கார்ந்து அடிப்படை முடிவுகளை எடுத்தார்கள். முன்வார்ப்பு கேட்கும் ஒழுக்கம் அதுவே என்று மேலே பார்த்தோம்.

தளங்களின் அடிப்பகுதி இங்கும் அலை வடிவ முன்வார்ப்புக் கான்கிரீட்தான். கோடை இரவுகளில் சன்னல்கள் தாமாகத் திறந்து குளிர்காற்றைக் கூரையின் மேல் தவழவிடுகின்றன. தென்கோளத்தில் வெயில் வடக்கிலிருந்து விழும் என்பதை நினைவில் கொண்டால் வெளிமுகங்களின் தர்க்கம் புரியும். வடக்கு முகத்தில் கருநிறக் குழாய்கள்: வெயிலில் சூடேறிப் பழைய காற்றை மேலே இழுப்பவை. தெற்கு முகத்தில் வெளிர்நிறக் குழாய்கள்: கூரையிலிருந்து புதிய காற்றைக் கீழே கொண்டுவருபவை. மேலே போகப் போகக் குழாய்கள் அகலமாகின்றன, சன்னல்கள் சிறுக்கின்றன. கீழ்த்தளங்களுக்குத்தான் ஒளி குறைவு, ஆகவே அங்கே பெரிய சன்னல். மேற்கு முகத்தில் மறுபயன்பாட்டு மரத்தாலான கதவுகள் மாலை வெயிலுக்கேற்பத் திரும்புகின்றன. ஆஸ்திரேலியாவின் பசுமைக் கட்டட அளவுகோலில் ஆறு நட்சத்திரம் பெற்ற முதல் கட்டடம் இதுவே.

இவற்றை எங்கும் அப்படியே எடுத்துச் சென்றுவிட முடியாது என்பதையும் சொல்ல வேண்டும். கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரத்தில் உள்ள ஹராரேயில் இரவுகள் குளிர்ந்தவை. மெல்பர்னில் சுட்டெரித்த பகலுக்குப் பின்னும் பெரும்பாலும் கடற்காற்று வீசும். இரவிலும் வெப்பம் தணியாத, ஈரம் மிகுந்த கடலோர நகரங்களில் கான்கிரீட் தன் கிடங்கைக் காலி செய்ய வழியில்லை. அங்கே அது வெப்பத்தைச் சேர்த்து வைத்துக்கொண்டு இரவெல்லாம் நம்மேல் வீசும். வார்ப்பின் வடிவத்தை நகலெடுப்பது எளிது. அந்த வடிவத்தைப் பெற்றெடுத்த இரவை நகலெடுக்க முடியாது.

*

இனி கணக்குக்கு வருவோம். வரித்துறைக் கட்டடம் பற்றிய கட்டுரையில் கணக்கு இல்லாமல் முடியாது.

கான்கிரீட்டின் உயிர் சிமெண்டில் இருக்கிறது. சுண்ணாம்புக்கல்லைச் சுமார் 1,450 பாகை வெப்பத்தில் சுட்டு அதைச் செய்கிறார்கள். எரிபொருளிலிருந்து வரும் கரியமில வாயு ஒருபுறமிருக்க, அந்தக் கல்லே தனக்குள் பூட்டி வைத்திருந்த வாயுவையும் வெளியிடுகிறது. உலகில் மனிதர் வெளியிடும் கரியமில வாயுவில் 7 முதல் 8 சதவீதம் வரை சிமெண்ட் உற்பத்தியிலிருந்து வருவதாகக் கணக்கிடுகிறார்கள். முன்வார்ப்பு இதில் ஓரளவு சிக்கனம் செய்யும். வளைந்த வடிவம் குறைந்த கலவையில் அதே வலிமையைத் தரும், தொழிற்சாலையில் கழிவு குறையும். ஆனாலும் அடிப்படைக் கடன் பெரியது, அது கட்டடம் திறக்கும் நாளுக்கு முன்பே வாங்கப்பட்டுவிடுகிறது. அதைத் திருப்பிச் செலுத்த ஒரே வழி, அந்தக் கட்டடம் ஆண்டுதோறும் மிச்சப்படுத்தும் ஆற்றல். அதாவது பல பத்தாண்டுகள் அதில் ஆட்கள் வேலை செய்ய வேண்டும்.

நீண்டகாலம் ஒரே இடத்தில் இருக்கக்கூடியவர் என்று யாரையாவது நம்பலாம் என்றால் அது அரசாகத்தான் இருக்க முடியும். வணிக நிறுவனங்கள் வரும், போகும். அரசு வரி வாங்குவதை நிறுத்தப் போவதில்லை. ஹாப்கின்ஸ் அந்த நம்பிக்கையில்தான் செங்கல்லையும் கான்கிரீட்டையும் தேர்ந்தெடுத்தார்.

நடந்தது வேறு. 2005ல் உள்நாட்டு வருவாய்த் துறை சுங்கத் துறையுடன் இணைக்கப்பட்டது. 2015ல் புதிய துறை, நாடெங்கும் சிதறியிருந்த தன் அலுவலகங்களை மூடிவிட்டு 13 வட்டார மையங்களில் ஊழியர்களைக் குவிக்கப்போவதாக அறிவித்தது. நாட்டிங்ஹாமுக்கும் ஒரு மையம் கிடைத்தது. ஆனால் அது ஹாப்கின்ஸின் வளாகம் அல்ல. நடந்து போகும் தொலைவில், ரயில் நிலையத்தின் அருகே, யூனிட்டி ஸ்கொயர் என்ற புதிய கட்டடம். 2021ல் வரித்துறையினர் அங்கே குடிபெயர்ந்தார்கள். நூறாண்டு தாங்கக்கூடிய கட்டடத்தில் அவர்கள் இருந்தது ஏறத்தாழ இருபத்தாறு ஆண்டுகள். அவ்வளாகத்தை நாட்டிங்ஹாம் பல்கலைக்கழகம் அதே ஆண்டில் வாங்கியது. சில ஆண்டுகளுக்குள் அதுவும் வளாகத்தை விற்கும் முடிவுக்கு வந்தது. மைக்கேல் ஹாப்கின்ஸ் 2023ல் காலமானார்.

வாஷிங்டனின் கதையும் அதே திசையில் திரும்பியிருக்கிறது. 2025 ஏப்ரலில் வீவர் கட்டடம், விரைந்து விற்கப்பட வேண்டிய அரசுச் சொத்துகளின் பட்டியலில் சேர்க்கப்பட்டது. ஜூனில், துறை வர்ஜீனியாவின் அலெக்சாண்ட்ரியா நகருக்கு மாறும் என்று அறிவிக்கப்பட்டது. பராமரிப்பை ஆண்டாண்டாக ஒத்திப்போட்டதால் சேர்ந்த செலவு காரணமாகக் காட்டப்பட்டது. மாறவிருக்கும் கட்டடத்தில் அறிவிப்பின்போது இருந்தது இன்னோர் அரசு அமைப்பான தேசிய அறிவியல் அறக்கட்டளை.

இவ்விரண்டையும் வெறும் அதிகாரிகளின் மனம்போன போக்கு என்று தள்ளிவிடுவது நியாயமல்ல. துறைகளின் அளவு மாறுகிறது. பெருங்கூடங்களில் அமர்ந்து கோப்பு எழுதிய ஆயிரக்கணக்கானோரின் வேலையைக் கணினி எடுத்துக்கொண்டது. கொரோனாவுக்குப் பின் பலர் வீட்டிலிருந்தும் வேலை செய்யத் தொடங்கினார்கள். நாட்டிங்ஹாமின் சிற்றூர் போன்ற தனித்தனிக் கட்டடங்கள், எல்லோரையும் ஒரே தளத்தில் அமர்த்த விரும்பும் நிர்வாகத்துக்கு இடைஞ்சலாகத் தோன்றியிருக்கலாம். ஆனால் இந்தக் காரணங்களை எடைபோட்ட தராசில் கட்டடம் தோன்றும்போதே வாங்கிய அந்தக் கடன் எங்காவது வைக்கப்பட்டதா என்ற கேள்வி எஞ்சுகிறது. புதிய கட்டடம் எவ்வளவு பசுமைச் சான்றிதழ் பெற்றாலும், அது பழைய கடனுக்கு மேல் வாங்கிய புதிய கடன்.

முன்வார்ப்பின் பாடம், முடிவுகளை முன்கூட்டியே எடுக்க வேண்டும் என்பது. கட்டடக் கலைஞர்களும் பொறியாளர்களும் அந்தப் பாடத்தை நன்றாகவே கற்றார்கள். ரோனன் பாயின்டின் செய்தித்தாள் திணித்த இணைப்பிலிருந்து நாட்டிங்ஹாமின் அலைக்கூரை வரை முப்பதாண்டுகள்கூட ஆகவில்லை. ஆனால் முதல் நாள் அந்த மேசையைச் சுற்றி அமர்ந்தவர்களிடம் யாரும் கேட்டிராத ஒரு கேள்வி இருந்தது: நீங்கள் எத்தனை ஆண்டுகள் இங்கே இருப்பீர்கள்? நீங்கள் போன பிறகு இந்தத் தளங்களின் கீழ் வேறு யார் எதைச் செய்யலாம்? அச்சு செய்வதற்கு முன் துளை எங்கே வேண்டும் என்று கேட்பவர்கள் இதையும் கேட்டிருக்கலாம். பள்ளியாகவும் குடியிருப்பாகவும் மாறக்கூடிய அகலம், கழற்றி வேறிடத்தில் பொருத்தக்கூடிய இணைப்பு என்று இன்று சில பொறியாளர்கள் யோசிப்பது இதற்கான விடைகளைத்தான்.

மெல்பர்னில் மாநகராட்சி ஊழியர்கள் இன்னும் தங்கள் அலைக்கூரையின் கீழ் அமர்ந்திருக்கிறார்கள். கட்டடத்துக்கு இப்போதுதான் இருபது வயது ஆகிறது. நாட்டிங்ஹாம் கைவிடப்பட்டதும் ஏறத்தாழ இந்த வயதைக் கடந்த பிறகுதான். பகல் முழுவதும் வாங்கிய வெப்பத்தை இரவில் திருப்பிக் கொடுக்கும் அந்தக் கூரைகளுக்குத் தம் கடன் அடைபட இன்னும் பல கோடைகள் வேண்டும்.